சின்னப் படகு அலையில் அடம்பிடித்தால், ஜெட்டியில் (படகு கட்டும் மேடையில்) மோதினால்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

இது இருபது முதல் முப்பது அடி வரையிலான திறந்த ஃபைபர் படகுக்காக எழுதியது. பின்னால் வெளியே மாட்டிய ஒரு அவுட்போர்டு எஞ்சினோ, நீள வால் வைத்த டீசல் எஞ்சினோ இருக்கும், மேலே கூரை கிடையாது, உள்ளே வரும் தண்ணீர் தானாக வெளியே போகாது. நம் கடற்கரையில் பெரும்பாலும் ஓடுவது இதுதான். பெரிய விசைப்படகுக்கு இதில் பாதி பொருந்தாது.

கீழே வரும் எல்லாப் பிரச்சினைக்கும் முதல் வேலை ஒன்றுதான்: படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சின் நின்றதா, தண்ணீர் ஏறியதா, வலை சிக்கியதா, எதுவானாலும் சரி, முதலில் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேராகவோ கொஞ்சம் சாய்வாகவோ காட்டுங்கள், அப்புறம் ரிப்பேர். எல்லோரும் எஞ்சின் மேல் குனிந்திருக்க, படகு தானாகப் பக்கவாட்டில் திரும்பி அடுத்த அலையில் கவிழும் கதை நம் கரை ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

அணியம் டமால் டமால் என்று அடித்து விழுகிறது

அலை பெரிது என்று நினைப்போம். பெரும்பாலும் வேகம் அதிகம் என்பதுதான் விஷயம். அலை ஏறும்போது மட்டும் கொஞ்சம் த்ராட்டில் (எஞ்சின் வேகம்) கொடுங்கள், உச்சி வருவதற்குச் சற்று முன்னால் குறையுங்கள். அப்போது படகு உச்சியிலிருந்து பறக்காமல் வழுக்கி இறங்கும். அலையை நேருக்கு நேர் குத்தாமல் முப்பது நாற்பது பாகை சாய்த்து எடுத்தால் அடி இன்னும் குறையும்.

இதெல்லாம் செய்தும் அடித்தால் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐஸ் பெட்டியும் வலையும் பின்னால் குவிந்திருந்தால் அணியம் தூக்கிக்கொண்டு பட்டென்று விழும், எல்லாம் முன்னால் இருந்தால் அலைக்குள் குத்தித் தண்ணீரை அள்ளும். நடுவில், அடித்தட்டில், கட்டி வையுங்கள். கட்டாத சாமான் ஒரு பக்கம் சரிந்தால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும்.

பாக் நீரிணைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆழம் குறைவு, காற்று கொஞ்சம் பிடித்தாலே குட்டையான செங்குத்தான அலை நெருக்கமாக எழும். உயரத்தைப் பார்த்து இது சின்ன அலைதானே என்று நினைத்து ஓட்டினால் ஒன்றிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது அணியத்துக்கு மேல் வந்துவிடும். மன்னார் வளைகுடாவின் ஆழக்கடலில் வரும் நீண்ட அலை அதைவிட உயரமாக இருந்தாலும் படகுக்கு எளிதுதான்.

பக்கவாட்டில் உருள்கிறது, உருட்டல் கூடிக்கொண்டே போகிறது

ஒவ்வொரு அலைக்கும் உருட்டல் முந்தினதைவிடக் கூடுகிறது என்றால், அலை வரும் இடைவெளியும் படகு ஆடித் திரும்பும் இடைவெளியும் ஒன்றாகிவிட்டன. திசையை மாற்றுங்கள், அல்லது வேகத்தை மாற்றுங்கள். இரண்டில் ஒன்று மாறினாலே அந்த ஒத்துப்போதல் உடைந்துவிடும். போகவேண்டிய ஊர் பக்கவாட்டில்தான் இருக்கிறது என்றால் நேராகப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் அணியத்தின் ஓரத்தில் அலையை வாங்கி ஓடுங்கள், அப்புறம் திரும்பிப் பின் ஓரத்தில் வாங்கி ஓடுங்கள். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும்.

திருப்புகிற நேரம்தான் ஆபத்து. அலைகள் கூட்டமாக வரும், பெரிதாகச் சில வந்த பிறகு கொஞ்சம் அடங்கும். அந்த அடக்கத்தில், ஒரு உச்சி தாண்டினதும் அதன் முதுகில் வைத்தே திருப்பத் தொடங்குங்கள், தயங்காமல் போதுமான த்ராட்டில் கொடுத்து ஒரே மூச்சில் திருப்பி முடியுங்கள். ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். நிற்கிற ஆள் ஒவ்வொருவரும் படகின் எடையை மேலே தூக்குகிறார்.

பின்னால் வரும் அலையில் படகு நழுவுகிறது, கைப்பிடி லேசாகிறது

வீட்டுக்குத் திரும்பும் நேரம், காற்று பின்னால், ஓட்டம் சுகமாக இருக்கும். அதனால்தான் இது மோசமானது. அலை பின்பக்கத்தைத் தூக்கும், அணியம் பள்ளத்தில் குத்தும், படகு அலையோடு சறுக்கத் தொடங்கும். அந்த நொடியில் எஞ்சினைத் திருப்பும் கைப்பிடி கையில் கனமே இல்லாத மாதிரி இருக்கும், திருப்பினாலும் கேட்காது. அடுத்து படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பும், அதே அலை மேலே வந்து உடையும்.

கைப்பிடி லேசானது தெரிந்ததுமே செயல்படவேண்டும், திரும்பத் தொடங்கின பிறகு நேரம் கிடையாது. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து அலையை அடியில் கடந்துபோக விடுங்கள். படிப்படியாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. த்ராட்டிலைத் திடீரென்று மூடினால் இரண்டு கேடு: அவுட்போர்டில் திருப்புகிற சக்தியே புரொப்பெல்லர் தள்ளுகிற நீரில்தான் இருக்கிறது, அது நின்றால் படகு யார் பேச்சும் கேட்காது, இன்னொன்று, படகு கிளப்பின அலையே பின்னால் வந்து தாழ்ந்த பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும். அணியத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் நடுவுக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள், அணியம் மேலே எழும்பும்.

ஓட்டத்தில் நல்ல இடம் ஒரு அலையின் முதுகு. முன்னால் போகும் அலையின் முதுகில் உட்கார்ந்த மாதிரி, அதை முந்தாமல், பின்னால் வருவது எட்டிப் பிடிக்காமல் போகவேண்டும். அந்த அளவுக்கு எஞ்சினில் வேகம் இல்லையென்றால் பின்னாலிருந்து ஒரு நீளக் கயிற்றை விட்டு நுனியில் வாளியையோ டயரையோ கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள். முப்பது நாற்பது மீட்டர் கயிறு போதும். பின்பக்கம் அலையோடு ஓடாமல் அது பிடித்து வைக்கும். கயிறு புரொப்பெல்லர் பக்கம் போகாமல் ஒரு ஓரத்தில் கட்டுங்கள்.

எஞ்சின் கத்துகிறது, படகு போகவில்லை

அலை உச்சியில் மட்டும் கத்தினால் புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை அள்ளுகிறது. உச்சியில் த்ராட்டிலைக் குறையுங்கள், கொஞ்சம் எடையைப் பின்னால் மாற்றுங்கள், எஞ்சின் சாய்வு வெளிப்பக்கம் அதிகமாக வைத்திருந்தால் உள்ளே இறக்குங்கள். எப்போதுமே கத்துகிறது, தட்டையான தண்ணீரிலும் போகவில்லை என்றால் அது வேறு. ஏதாவது அடித்து, புரொப்பெல்லரைத் தண்டோடு பிடிக்கும் பாதுகாப்பு முள் முறிந்திருக்கும், சில மாடல்களில் புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் ரப்பர் வழுக்கும். முள் என்றால் மாற்றலாம், இரண்டு முள் எப்போதும் டப்பாவில் இருக்கட்டும். ரப்பர் வழுக்கினால் மிக மெதுவாக ஓட்டிக் கரை சேரவேண்டியதுதான்.

எஞ்சின் நின்றுவிட்டது

எஞ்சினைத் தொடாதீர்கள். முதலில் அணியத்திலிருந்து நங்கூரம். பின்னாலிருந்து ஒருபோதும் போடாதீர்கள், அலை பின்பலகையில் ஏறி நிமிடத்தில் நிரப்பிவிடும். கயிறு தாராளமாக விடுங்கள்: அமைதியான கடலில் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, அலை இருந்தால் ஏழு மடங்காவது. பத்து மீட்டர் ஆழம் என்றால் எழுபது மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பிடி விட்டுவிடும். அடிமண் எட்டாத ஆழத்தில் இருந்தால் வலை, மூடி திறந்த வாளி, தார்ப்பாய், எது கிடைக்கிறதோ அதை நீளக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து கடலில் விடுங்கள். அது தண்ணீரில் இழுபட்டு முகத்தை அலைக்குத் திருப்பி வைக்கும்.

படகு அலையைப் பார்த்து நின்றாயிற்றா, சரி, இப்போது எஞ்சின்.

கில் சுவிட்ச் (கயிறு கழன்றால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) கயிறு கழன்றிருக்கிறதா பாருங்கள். ஆட்டத்தில் யாராவது இழுத்திருப்பார்கள், இதைக் கவனிக்காமல் அரை மணி நேரம் இழுத்து இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா. அடுத்து எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்குங்கள். அமுக்கியும் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால் எரிபொருள் தீர்ந்திருக்கும், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, இணைப்புகளைப் பாருங்கள். பந்து உள்வாங்கித் தட்டையாகக் கிடந்தால் டேங்க் மூடியில் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்குக்குள் உறிஞ்சும் முனையில் அடைப்பு. பந்து கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் சூடு ஆறின பிறகு மண்ணெண்ணெயிலேயே கிளம்பாது, பெட்ரோலுக்கு மாற்றிக் கிளப்புங்கள்.

பாழாய்ப்போன எஞ்சின் கடல் கொந்தளிக்கும்போதுதான் நிற்கும் என்று சலித்துக்கொள்வோம், அதற்குக் காரணம் உண்டு. டேங்கின் அடியில் மாதக்கணக்கில் படிந்திருக்கும் தண்ணீரும் கசடும் அமைதியான கடலில் அப்படியே கிடக்கும், அலை குலுக்கும்போதுதான் கலங்கி ஃபில்டருக்கு வரும். டேங்கை அவ்வப்போது அடிவரை காலி செய்து துடைப்பதும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை நடுவில் வைப்பதும்தான் இதற்கு மருந்து.

எஞ்சின் ஓடுகிறது ஆனால் அதைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டது என்றால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் பை உறிஞ்சுவாயில் ஒட்டியிருக்கும். புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றியிருந்தாலும் வரிசை அதேதான்: நங்கூரம், எஞ்சின் அணைப்பு, கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது, அப்புறம்தான் எஞ்சினைச் சாய்த்து அறுப்பது.

படகு சோம்பலாக ஆடுகிறது, ஒரு பக்கம் சாய்ந்து நின்று நிதானமாக நிமிர்கிறது

இந்தப் பட்டியலிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது இந்த அறிகுறிதான், ஏனென்றால் இது பயம் தராத மாதிரி இருக்கும். வெடுக்வெடுக்கென்று ஆடிய படகு மெதுவாக, சுகமாக ஆடத் தொடங்கினால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. தட்டையான அடித்தட்டு ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது கணுக்கால் அளவு, 900 கிலோவுக்கு மேல் வரும். பதினான்கு பேர் படகில் ஏறி, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே எல்லோரும் சேர்ந்து ஓடுகிற மாதிரி அது. எடையைவிட அந்த ஓட்டம்தான் கவிழ்க்கிறது.

அணியத்தை அலைக்குக் காட்டி, எஞ்சின் ஓடினால் நகர்ந்தும் நகராமலும் வைத்துக்கொண்டு, ஒருவர் ஓட்ட மற்றவர்கள் இறையுங்கள். உட்கார்ந்தே இறையுங்கள். கைப்பம்பைவிட அகல வாய் வாளி வேகம், பம்பில் செதிளும் நூலும் அடைக்கும். வாளியைக் கயிற்றால் படகோடு கட்டி வையுங்கள், கையை விட்டுப் போனால் போனதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் தேடட்டும்: பின்பலகைத் தக்கை, எஞ்சின் போல்ட் துளைகள், ஃபைபரில் விரிசல். துணியைச் சுருட்டி அடைத்தாலே வரத்து பாதியாகும். இறைப்பதைவிட வேகமாக ஏறினால் சாமானைக் கடலில் வீசுங்கள், ஈர வலை முதலில். வலை பல்லாயிரம் ரூபாய் என்பது எனக்குத் தெரியும், கடன் வாங்கி வாங்கியதாகவும் இருக்கும், இருந்தாலும் வீசுங்கள்.

முகத்துவாரத்தில் அலை உடைகிறது, உள்ளே போகலாமா

கேரளத்தின் முதலப்பொழியிலும் குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்திலும் துறைமுக வாயில்களில் படகு கவிழ்ந்து ஆண்டாண்டாக உயிர்கள் போயிருக்கின்றன. நடுக்கடலைத் தாண்டி வந்தவர்கள் வீட்டு வாசலில் போனார்கள். அதனால் இந்த இடத்தில் அவசரம் காட்டாதீர்கள் என்று கெஞ்சித்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

கடல் பக்கமிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டும்தான் தெரியும், உடைகிற முகம் தெரியாது, அதனால் எப்போதும் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். வெளியே நின்று பத்துப் பதினைந்து நிமிடமாவது பாருங்கள். பெரிய அலைக் கூட்டம் வருவதற்கு இடையே எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எந்த இடத்தில் வெள்ளை நுரை குறைவாக இருக்கிறது. வற்றம் (கடல் நீர் இறங்குவது) ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து வரும் தண்ணீரும் வெளியிலிருந்து வரும் அலையும் எதிரெதிரே மோதி அலை செங்குத்தாக எழும். நம் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவில்தான், அதுவே போதும். ஏற்றம் உள்ளே ஓடும் நேரம் வரும்வரை வெளியே காத்திருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பசியோடு கிடப்பது பெரிய விஷயமில்லை. வேறு துறைமுகம் பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள்.

போவது என்று முடிவெடுத்தால் லைஃப் ஜாக்கெட் எல்லோரும் போட்டிருக்கவேண்டும், பெட்டிக்குள் இருப்பது கணக்கில்லை. கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகைப் பிடித்து உள்ளே போங்கள். முந்தாதீர்கள், நடுவழியில் மனம் மாறித் திரும்பாதீர்கள். வாயிலின் நடுவில் பக்கவாட்டாக நிற்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் இது நடக்கும். தெற்கே வெகுதூரத்துப் பெருங்கடலில் கிளம்பிய நீண்ட அலை நாட்கணக்கில் பயணித்துக் கரைக்கு வரும், கள்ளக்கடல் என்று ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடுவது இதற்குத்தான். வானம் நன்றாக இருக்கிறதே என்று அதை அலட்சியம் செய்யவேண்டாம்.

துறைமுகம் இல்லாத ஊரில் மணலில் ஏற்றுகிறவர்களுக்கும் கணக்கு இதுதான். ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய ஒன்றே கால் மீட்டர் ஆழத்தில் உடையும், அதாவது இடுப்புக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடத்திலேயே. எஞ்சினைத் தூக்குவதற்கு ஒரு ஆள் தயாராக இருக்கட்டும். கரை தட்டின பிறகு படகுக்கும் கரைக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. படகு பக்கவாட்டில் திரும்பினால் அடுத்த அலை அதைக் கரைப்பக்கம் உருட்டும், கீழே கால் இருக்கும்.

ஆள் விழுந்துவிட்டார்

விழுந்த பக்கமே கைப்பிடியால் படகைத் திருப்புங்கள், பின்பக்கமும் புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். மிதக்கும் எதையாவது வீசுங்கள். ஒருவர் வேறு வேலையே செய்யாமல் விரலை நீட்டி அவரைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும், அலைக்கு நடுவே ஒரு தலை ஒரு நொடியில் மறைந்துவிடும். சுற்றி வந்து அணியத்தைக் காற்றுக்குக் காட்டி அவரைப் பக்கத்தில் எடுங்கள், எட்டும் தூரம் வந்ததும் எஞ்சினை அணையுங்கள். ரிவர்ஸ் போட்டு அவரிடம் போகவே கூடாது.

படகே கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் தெரியும், எட்டாது. கவிழ்ந்த படகு பெரிதாகத் தெரியும், தேடுகிறவர் கண்ணில் படும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16. போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தால்தான் இந்த எண்கள் உதவும்.

ஜெட்டியில் நிறுத்த முடியவில்லை

உள்ளே வந்தாயிற்று, இப்போது மோதாமல் நிறுத்தவேண்டும். கொஞ்சம் தள்ளியே நியூட்ரலில் விட்டு, படகு எங்கே போகிறது என்று பாருங்கள், காற்றும் நீரோட்டமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று அதுவே சொல்லிவிடும். எது தள்ளுகிறதோ அதற்கு எதிராக வந்து சேருங்கள். பாம்பன் கால்வாய் மாதிரி ஓட்டம் பலமாக உள்ள இடத்தில் ஓட்டத்தோடு வந்து நிறுத்தப் பார்ப்பது வீண், அணியம் மாட்டிக்கொண்டு பின்பக்கம் சுழலும்.

*காற்று ஜெட்டியிலிருந்து வெளியே தள்ளுகிறது:* கொஞ்சம் செங்குத்தான கோணத்தில் வாருங்கள், அணியத்திலிருந்து பின்னோக்கிச் செல்லும் ஒரு கயிற்றை ஜெட்டித் தூணில் முதலில் மாட்டுங்கள். பிறகு முன் கியரில் மெல்ல, ஜெட்டியை விட்டு விலகிப் போகிற மாதிரித் திருப்புங்கள். கயிறு அணியத்தைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் தானாக ஜெட்டிக்கு வந்து ஒட்டும். இந்த ஒரு வித்தையைப் பழகினால் பாதிக் கூச்சல் குறைந்துவிடும்.

*காற்று ஜெட்டி மேலேயே தள்ளுகிறது:* ஒரு படகு அகலம் தள்ளி இணையாக நிறுத்திவிடுங்கள், மீதியைக் காற்று செய்யும். டயர் தொங்கவிட்டால் போதும். கிளம்பும்போது அதே அணியக் கயிற்றை வைத்து, இம்முறை ஜெட்டியை நோக்கித் திருப்பி முன் கியர் போட்டால் பின்பக்கம் வெளியே வரும், அப்புறம் கயிற்றை எடுத்து ரிவர்ஸில் போகலாம்.

*ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் மேலே எழும்புகிறது:* சாய்வுப் பூட்டு போடவில்லை. ஜெட்டிக்கு நெருங்கும் முன்பே ஒரு முறை ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்.

*ரிவர்ஸே இல்லை:* நீள வால் எஞ்சின்களில் இதுதான் நிலை. வேகத்தை வெகு முன்னாலேயே விடவேண்டும். நெரிசல் இல்லாத இடமென்றால் வெளியே ஒரு நங்கூரத்தைப் போட்டுக் கயிறு விட்டுக்கொண்டே வாருங்கள், நிறுத்தவும் அது உதவும், கிளம்பும்போது அதை இழுத்தே வெளியேறலாம்.

எந்த நிலையிலும் கையையும் காலையும் நீட்டி மோதலைத் தடுக்காதீர்கள். ஒரு டன் படகு மெதுவாக வந்தாலும் எலும்பு நிற்காது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், தூணில் ஒரு சுற்று போட்டு உராய்வில் பிடியுங்கள்.

துறைமுகத்துக்குள்ளேயே அலை ஏறி இறங்கி, கட்டின படகு ஜெட்டியில் இடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் கயிறு குட்டை. முன்னும் பின்னும் நீளமாகக் கட்டுங்கள், கயிறு கல்லில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டைச் செருகுங்கள். அதற்கும் நிற்கவில்லையா, அங்கே கட்டவே வேண்டாம், துறைமுகத்தின் நடுவில் நங்கூரம் போட்டுவிட்டு வேறு படகில் கரைக்கு வாருங்கள்.